மாயாண்டிக்கு வாங்கிய கடிகாரம்

துளசி ஓட்டிய பள்ளி வேன் காய்கறி லாரியின் பின்னால் போய் முட்டியபோது உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. நல்லவேளை என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விடுகிற ரகமா அவள்? அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பு கூட்டும்போது சொன்னாள், துணி காயப்போடும்போது சொன்னாள், மத்தியானம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவர வேனைக் கிளப்பும்போதும் சொன்னாள். வாய்விட்டு அல்ல, மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொன்னால் யாராவது என்ன விஷயம் என்று கேட்பார்களே!

நடந்தது இதுதான். காலையில் எல்லாரையும் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, ஈப்போ புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஜெலாப்பாங் முச்சந்தியில் சிவப்பு விளக்கு. நின்றாள். நின்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, லாரியிலிருந்து இறங்கிவந்த சீனக் கிழவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றதுதான். தூங்கிவிட்டாயா என்று மலாயில் கேட்டார். திட்டவில்லை. லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, போ, போய்ப் படு என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் இவளும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்த மனுஷர் பரிதாபப்பட்டுவிட்டுப் போனதுதான் அவளைப் போட்டுப் பிடுங்கியது.

வேனின் முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. தூணில் இடித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவைத்தாள்.

இதற்கெல்லாம் யார் காரணம்? இந்த விஷயத்தில் துளசிக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. அவள் புருஷன் மாயாண்டிதான் காரணம். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், பகல் முழுக்க அதிர்ந்து பேசமாட்டார். அத்தனையையும் சேர்த்துவைத்து ராத்திரி குறட்டையாக விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்வது இங்கே கேட்கும். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சத்தம் நிற்பதுதான் பயம். மாயாண்டியின் அண்ணன் இப்படித்தான் ஒரு ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து துளசிக்குக் காவல் வேலை. திடுக்கென்று விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் காது கொடுத்தால் சத்தமே இருக்காது. போச்சு, மனுஷன் போய்விட்டார் என்று அடித்துப் பிடித்து உலுக்குவாள். மாயாண்டி "என்னா?" என்பார். திரும்பிப் படுப்பார். மறுபடியும் ஆரம்பிப்பார். அவள் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்ப்பாள்.

இப்படி வருஷக்கணக்கில் காவல் காத்தால் பகலில் கண் சொருகாமல் என்ன செய்யும்? காலையில் தலை பாரமாக எழுந்திருப்பாள். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பாள். உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தூக்கம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குத் தன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. வேனில் பிள்ளைகள் ஏறிவிட்டால் அவள் கண் மூடாது. பதினைந்து வருஷமாக மூடியதில்லை. லாரியில் முட்டியதுகூட வெறும் வேன்தானே?

வெறும் வேன்தான். இருந்தாலும் அன்று சாயங்காலம் பினாங்கில் இருக்கும் மகள் ஷாமினிக்குப் போன் போட்டாள். லாரியைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, நான் இன்னும் எத்தனை நாள் முழித்துக்கிடப்பது என்று ஒரு பாட்டம் புலம்பினாள்.

ஷாமினி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டாள். கொஞ்ச நாளில் கூரியரில் ஒரு கைக்கடிகாரம் வந்தது. ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தால் மூச்சு எங்கே தடைபடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எப்போது இறங்குகிறது என்று அது குறித்துவைக்கும், அந்தக் குறிப்பு மாயாண்டியின் கைப்பேசி வழியாக ஷாமினியின் கைப்பேசிக்கும் போய்விடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஒரு நோய், நிறையப் பேருக்கு இருக்கிறது, வைத்தியம் உண்டு என்றாள் மகள். கடிகாரம் டாக்டர் இல்லை, ஆனால் அறிகுறியைக் காட்டிக்கொடுத்துவிடும், அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். துளசிக்கு அந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சம்பளமில்லாத ஜாகா ஒருத்தன் கிடைத்துவிட்டான், இனிமேல் காவல் அவனுக்கு, தூக்கம் எனக்கு என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கடிகாரத்தின் ரப்பர் வார் மாயாண்டியின் மணிக்கட்டில் அரிப்பை உண்டாக்கியது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, ரப்பர்ப் பால் வாளிகளுக்கு நடுவில் வளர்ந்த மனுஷனுக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது? பாதித் தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுவார். மறுநாள் விடிந்தும் விடியாமல் ஷாமினி போன் போடுவாள். "ராத்திரி ஒண்ணுமே பதிவாகலம்மா. அப்பா நல்லா இருக்காங்களா?" துளசி அந்நேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருப்பாள். ஒரு கையில் கைப்பேசி, ஒரு கையில் ஸ்டியரிங். கடைசியில் மகளே பழுப்பு நிறத்தில் அழகான தோல் வார் ஒன்று வாங்கி அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பிவைத்தாள். மாயாண்டிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரப்பர் வாரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, புது வாரோடு கடைத்தெருவுக்கெல்லாம் போய்வந்தார்.

அந்த வாரமே தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள்.

மாயாண்டி பிறந்த ஏழாங்கட்டைத் தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள், மிச்சத்தில் எண்ணெய்ச் செம்பனை மரங்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நகரவில்லை. வருஷா வருஷம் தீமிதிக்குப் பழைய தோட்டத்து ஆட்களெல்லாம் எங்கிருந்தாலும் வந்து சேர்வார்கள். மாயாண்டி ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் மனுஷர் வேறு ஆள். மரக்கறிச் சாப்பாடு. ஹாலில் வெறும் பாய், தலையணை கிடையாது. பொண்டாட்டி படுக்கும் அறைக்குள் கால் வைக்கமாட்டார். தோல் ஆகாது. பெல்ட், பர்ஸ், காலுக்குப் போடும் சப்பாத்து எல்லாம் அலமாரிக்குப் போய்விடும். கையில் கட்டியிருந்த கடிகாரத்தை மறந்துவிட்டார். கோயில் தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம்தான் உறைத்து, கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து துளசியிடம் கொடுத்தார்.

துளசிக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்த ஆளுக்கே மூச்சு நிற்கிறது என்று முழித்துக்கிடந்தாள். இப்போது ஆள் ஹாலில், இவள் அறையில், நடுவில் கதவு. கடிகாரம் தேவைப்படுகிற நேரமே இதுதான். ஈப்போவில் கேட்ட கடைகளில் அந்த அளவுக்குத் துணி வார் இல்லை. ஆன்லைனில் போட்டால் வர நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும்? ஒரு ராத்திரி பதிவாகவில்லை என்றால் விடியற்காலையில் ஷாமினியின் போன். தோல் வாரினால் அப்பா கழற்றிவிட்டார் என்று சொன்னால், ஆசையாக அனுப்பிய பிள்ளையின் முகம் வாடிவிடும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது, வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பான். துளசியின் அப்பாவே எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவர். யாருக்கு அதில் நஷ்டம்? ஆள் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

"நான் கட்டிக்கறேன்" என்று மாயாண்டியிடம் சொன்னாள். "துணி வார் வர்ற வரைக்கும்தான். அவளுக்கு ஏதோ ஒரு மூச்சு போய்ச் சேர்ந்தா போதும்லா."

மாயாண்டி கொஞ்சம் முனகினார். விரத நேரத்தில் பொய் எதற்கு என்றார். பொய் சொல்வது நான், விரதம் இருப்பது நீங்கள், இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் துளசி படாத பாடு பட்டாள். ஹாலிலிருந்து குறட்டை கதவைத் தாண்டி நன்றாகவே கேட்டது. கேட்கும்வரை ஆள் இருக்கிறார், தூங்கலாம் என்று கண்ணை மூடுவாள். திடுக்கென்று விழிப்பு. நெஞ்சு படபடக்கும். காது கொடுத்தால் குறட்டை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஏன் முழித்தோம் என்று அவளுக்கே விளங்காது. எழுந்து தண்ணீர் குடிப்பாள், திரும்பிப் படுப்பாள், கால் நிலைகொள்ளாது, போர்வையை உதைத்துத் தள்ளுவாள், மறுபடியும் இழுத்துப் போர்த்துவாள். சில சமயம் குறட்டை கேட்காது. அப்போது எழுந்து கதவோரம் போய் நிற்பாள். அந்தப் பக்கம் மாயாண்டி முழித்துக்கொண்டுதான் இருப்பார் போலிருக்கும், பாய் சரசரக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டுச் சாய்ந்தவளைக் காவல்காரர் வந்து எழுப்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வெறும் வேன்தானே என்று அப்போதும் சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை அது அவ்வளவு தைரியமாக வரவில்லை.

சனிக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. ஷாமினி. வருவதாகச் சொல்லவில்லை. முகம் வெளிறி, கண் வீங்கி, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள் மாதிரி இருந்தாள். வேலையிடத்தில் தணிக்கை நடந்ததால் வாரம் முழுக்கக் கடிகாரத்தைத் திறந்து பார்க்கவே இல்லையாம். பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டாளாம். முந்தின நாள்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, இங்க வாங்க. இதப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். "இந்தச் சிவப்புக் கோடெல்லாம் உங்களுக்கு மூச்சு அடைச்ச இடம். ஒரு ராத்திரி இல்லப்பா, எல்லா ராத்திரியும். ஆக்சிஜன் எவ்ளோ கீழ போவுதுன்னு பாருங்க."

மாயாண்டி பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு. பார்த்துவிட்டு மெல்லத் தலையைத் தூக்கித் துளசியைப் பார்த்தார். கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றவளின் மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. காலையில் கழற்றி அரிசி டின் மேல் வைத்திருந்தாள். தோசை கருகும் வாசனை வந்தது. இப்போது சொல்ல வேண்டியது துளசி.

அந்த நிமிஷத்தில் அவள் மனசு எங்கெங்கே ஓடியது தெரியுமா! முதலில் கடிகாரம் கெட்டுவிட்டது என்றது. அப்புறம், பெண்களுக்கு எங்கேயாவது இந்த மாதிரி வருமா, குறட்டை விடுவது அவர்தானே என்றது. அதற்கப்புறம்தான் வேன் வந்தது. சொன்னால் இந்தப் பெண் வேனைத் தொட விடமாட்டாள். விடவே மாட்டாள். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகள் ஆண்டி ஆண்டி என்று ஏறி இறங்கிய வண்டி. பிள்ளைக்குப் பால்பல் விழுந்ததைப் பாதிப் பேரின் அம்மாக்களுக்கே அவள்தான் சொல்லியிருக்கிறாள். அது போய்விட்டால் அவள் யார்? வீட்டில் உட்கார்ந்து தூங்கி வழிகிற ஒரு பொம்பளை.

மாயாண்டி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

ஷாமினி நிறுத்தவில்லை. இன்றைக்கே கிளினிக்குக்குப் போகிறோம், தீமிதி வேண்டாம், வெறும் வயிற்றோடு நெருப்பில் இறங்கி ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று விம்மினாள். மாயாண்டி தலையைச் சொறிந்தார். அந்த மனுஷர் சண்டை போடுவார், மாரியம்மன் மேல் ஆணையாக மாட்டேன் என்று நிற்பார் என்றுதான் துளசி நினைத்தாள். உண்மையும் அந்தச் சண்டையிலேயே தானாக வெளியே வந்துவிடும், தான் சொல்ல வேண்டியிருக்காது என்றுகூட ஒரு நப்பாசை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காப்பை அவிழ்க்காமல் ஊசி, மருந்து என்று போகக்கூடாது, முதலில் கோயிலுக்குப் போய் ஆத்தாவிடம் சொல்லிவிட்டு அவிழ்த்துக்கொள்கிறேன்.

"சரி, வாரேன்" என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காரில் துளசி பின்னால் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மாயாண்டியின் பிடரி. நரை வெட்டாமல் வளர்ந்து கிடந்தது. அவருக்குத் தெரியும். அது தன் மூச்சு இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பிரட்டில் அவளுக்காகக் குரல் கொடுக்கப் போகிறார். அதுவும் அம்மன் முன்னால். செம்பனைகளுக்கு நடுவே கார் திரும்பியது.

கோயிலில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. குழிக்கு விறகு வந்து இறங்கியிருந்தது. பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை. உடம்பு முக்கியம், ஆத்தா கோவிச்சுக்கமாட்டா என்றார். கற்பூரத்தை ஏற்றினார். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கத்தரி எடுத்துவந்தார். மாயாண்டி வலது கையை நீட்டினார். அவர் துளசியின் பக்கம் திரும்பவில்லை.

"வெட்டாதீங்க சாமி" என்றாள் துளசி. "அது அவரு மூச்சு இல்ல. என்னுது."

பூசாரி கத்தரியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஷாமினிக்கு ஒன்றும் புரியவில்லை. துளசி எல்லாவற்றையும் கொட்டினாள். தோல் வார், துணி வார், பதிவாகாத ராத்திரி, விடியற்காலைப் போன், எல்லாம். சொல்லச் சொல்ல அழுகையும் வந்துவிட்டது. அழுகையோடு சேர்த்து மகளையே திட்டினாள், யார் உன்னைத் தோல் வார் வாங்கச் சொன்னது என்று.

ஷாமினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, ராத்திரி திடுக்குனு முழிப்பேன் என்று சொல்வீர்களே, அப்போது வாய் வறண்டிருக்குமா, நெஞ்சு அடிக்குமா, காலையில் தலை வலிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் துளசி தலையாட்டினாள். "அப்பா சத்தம் நின்னதால நீங்க முழிக்கலம்மா" என்றாள் ஷாமினி. "உங்க மூச்சு அடைச்சுதான் முழிச்சிருக்கீங்க. முழிச்சதுக்கப்புறம் அப்பாவைக் கேட்டிருக்கீங்க."

வருஷக்கணக்கில் காத்த காவல் அது. ஒரு வார்த்தையில் தலைகீழாகப் போய்விட்டது. துளசி மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாயாண்டி அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி, தொடாத தூரத்தில் குந்தினார். "பக்கத்துல படுத்தப்ப நான்தான் கட்டை மாதிரி தூங்கிடுவேனே, ஒண்ணும் தெரியாது" என்றார். "ஹாலுக்கு வந்ததுலேர்ந்து தலகாணி இல்லாம எனக்குச் சரியா தூக்கம் வரல, அடிக்கடி முழிச்சிக்கிறேன். நீ விக்கி விக்கி அழற மாதிரி கேக்கும். அப்புறம் சத்தமே இருக்காது. ஏதோ மனக்கஷ்டம், அழுவுறேன்னு நெனச்சேன். காப்போட உள்ள வரக்கூடாதுன்னு கதவுகிட்டயே உக்காந்திருப்பேன். கேக்கவும் பயமா இருந்துச்சு."

"அப்ப காலைல ஏன் சொல்லல?" என்றாள் துளசி.

"சொன்னா போறது உன் வேனு. நீதான சொல்லணும்."

பூசாரி கத்தரியை உள்ளே வைத்துவிட்டு மூன்று பேருக்கும் திருநீறு கொடுத்தார். அங்கிருந்து நேரே கிளினிக். டாக்டர் விசாரித்தார், தொண்டையைப் பார்த்தார், கழுத்தை அளந்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவாகச் சொல்ல முடியாது, ஒரு ராத்திரி கருவி மாட்டித் தூங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். காப்பு அவிழ்த்த பிறகு மாயாண்டியையும் ஒருநாள் கூட்டி வாருங்கள், அந்தக் குறட்டையையும் பார்க்கலாம் என்றார். அதுவரை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். வேன் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்.

துளசி அந்தக் கடைசி வார்த்தையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காரில் ஏறியதும் சண்டையை ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் எப்போது நாள் தருவார்களோ, அதுவரைக்கும் பிள்ளைகள் என்ன நடந்தா போகும்? ஓட்டும்போது எப்போதாவது தூங்கியிருக்கிறீர்களா என்று ஷாமினி நேராகக் கேட்டாள். துளசி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காய்கறி லாரியைச் சொன்னாள். மரத்தடியையும் சொன்னாள்.

"ஆனா புள்ளைங்க இருந்தா எனக்குக் கண்ணு மூடாது" என்றாள். "ஒரு நாள்கூட மூடினதில்ல. வேணும்னா கேட்டுப் பாரு."

யாரைக் கேட்பது என்று ஷாமினி கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மாயாண்டிதான் கோகிலன் பேரை எடுத்தார். கோகிலன் சொந்த வேன் இல்லாத இளைஞன், யாருக்காவது முடியாமல் போனால் அவர்கள் வண்டியை ஓட்டிக்கொடுப்பான். உங்கள் லைனை எனக்கு விட்டுக்கொடுங்கள் அக்கா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு காரணத்துக்காகவே துளசிக்கு அவனைக் கண்டால் ஆகாது. கடைசியில் ஒருவழியாகச் சம்மதித்தாள். ஆனால் தானும் கூடப் போய் உட்காருவேன், வீடுகளைக் காட்டுவதற்கு என்றாள். மனசுக்குள் வேறு கணக்கு. இரண்டு மூன்று நாள் ஒருக்களித்துப் படுத்தால் சரியாகிவிடும், சத்தம் போடாமல் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் மாயாண்டி அறை வாசற்படிக்கு வெளியே பாயைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னும் கரண்டியும் வைத்துக்கொண்டார். துளசி மல்லாந்து படுத்துச் சத்தம் நின்றால் டின்னில் ஒரு அடி. அவள் திட்டிக்கொண்டே ஒருக்களிப்பாள். உள்ளே வந்து தொடக்கூடாதே தவிர, டின் அடிக்கக்கூடாது என்று எந்தக் கோயிலிலும் சொல்லவில்லை என்றார்.

திங்கட்கிழமை காலையில் வேனை எடுத்தார்கள். கோகிலன் ஓட்ட, துளசி பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் உட்காரும் தனுஷ்ரீ, ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவள், கோகிலனுக்கு நேர்ப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஆண்டி ஏன் ஓட்டவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆண்டிக்குக் கொஞ்சம் உடம்பு முடியவில்லை, சீக்கிரம் வந்துவிடுவேன் என்றாள் துளசி. கோகிலன் பாட்டைச் சத்தமாக வைத்தான், குறைக்கச் சொன்னாள். பிரேக்கைச் சட்டென்று மிதித்தான், அதற்கும் ஒரு திட்டு. எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். ஜெலாப்பாங் முச்சந்தியில் சிவப்பு.

விளக்கு மாறியது. அவன் கியரைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது.

"ஆண்டி, பச்சை!"

வேன் முழுக்கச் சிரிப்பு. ஆண்டி இல்லை, அங்கிள் என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். தனுஷ்ரீக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறந்துட்டேன், தினமும் தட்டித் தட்டிப் பழக்கம் என்றாள்.

துளசி முழுசாகத் திரும்பினாள். பச்சை விழுந்ததும் இதுகள் தோளைத் தட்டிக் கத்துவதும், பள்ளிக்கூடம் போக அவ்வளவு அவசரமா என்று தான் அதட்டுவதும் தினப்படிதான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

"எதுக்கு தட்டுவ?" என்று கேட்டாள்.

தனுஷ்ரீ மற்றவர்களைப் பார்த்தாள். "ஆண்டி இந்த லைட்ல தூங்கிடுவீங்கல்ல" என்றாள். "முன் சீட்டுல உக்காருறவங்கதான் பாத்துக்கணும். மொதல்ல ஹர்ஷினி அக்கா பாத்துக்கிட்டாங்க. அவங்க இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. லைட்டு இல்லாத எடத்துல கண்ணு மூடினா எல்லாரும் சேந்து பாடணும்."

துளசி சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல சொல்லலையாம்மா?"

"சொன்னா வேற வேன் மாத்திடுவாங்க ஆண்டி."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கோகிலன் வண்டியை எடுத்தான். துளசி முன்பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள், பிள்ளைகள் பார்த்துவிடக்கூடாது என்று. பயமாக இருந்தது. லாரியில் முட்டிய அன்றைக்கு வராத பயமெல்லாம் சேர்ந்து இப்போது வந்தது. கோகிலன் பாட்டை அணைத்துவிட்டான்.

பள்ளி வாசலில் அவளே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டாள். எப்போதும் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டுகிறவள், அன்று ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுத் தொட்டு இறக்கினாள். கடைசியாக இறங்கிய தனுஷ்ரீ, நாளைக்கும் இந்த அங்கிள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் துளசி.

மத்தியானமும் நீங்கள் கூட வருகிறீர்களா என்று கோகிலன் கேட்டான்.

"நீ போ தம்பி" என்றாள். "வீடு எதுன்னு இதுங்களே காட்டும். ஆஸ்பத்திரில சரின்னு சொல்ற வரைக்கும் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."